பதினொரு சடைத் தண்ணீர்

பூவாத்தாளுக்குச் சடை விழுந்தது தை மாதத்தில். அந்தச் சடையிலிருந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியது மாசி மூன்றாம் வெள்ளிக்கிழமை. கள்ளிமேட்டுப்புதூர்க்காரர்கள் முதலாவதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், இரண்டாவதற்குக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், இரண்டுக்குமே ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கும் வாயில் கொஞ்சம் ஈரம் வேண்டுமல்லவா? ஆயிரத்து இருநூறு அடிக்குப் போர் போட்டால் ஆயிரத்து இருநூறு அடிக்கும் வெள்ளைப் புழுதியே வந்துகொண்டிருந்த வருஷம் அது. லாரித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருதரம் வரும், அதோடு அடிதடியும் வரும்.

அந்த ஊரில் ஆச்சரியப்பட்டவர் ஒரே ஒருத்தர்தான், மாவு மில் கிட்டுசாமி. ஐம்பத்துநாலு வயது, தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது, அதற்கு ஈடாக ஆண்டவன் அவருக்கு மூக்கைக் கொடுத்திருந்தான். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது பழைய கம்பா புதுக் கம்பா என்று சொல்லிவிடுவார். எதைக் கண்டாலும் மோந்து பார்க்க வேண்டும், மோந்து பார்த்தபின் அது ஏன் அப்படி என்று கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் பஜ்ஜியை மோந்து பார்த்துவிட்டு, இது எத்தனாவது தடவை காய்ந்த எண்ணெய் என்று கேட்டாராம். அதனால்தான் மனுஷன் இன்னும் ஒண்டிக்கட்டை என்று பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர் அதற்கும் சிரித்துக்கொண்டே, அந்த டீயையும் மோந்து பார்த்துத்தான் குடிப்பார்.

பூவாத்தாள் தனியாள். முப்பத்தாறு வயது, பனியன் துணிக்கு ஓவர்லாக் தைத்துப் பிழைப்பவள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொட்டாச்சிணுங்கித் தோல். கடைச் சோப்பு பட்டால் கழுத்தெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பிவிடும். அதனால் மாதம் ஒருதரம் சீயக்காயும் வெந்தயமும் பூலாங்கிழங்கும் வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு கிட்டுசாமியின் மில்லுக்கு வருவாள். வந்தால் மூட்டையை இறக்குமுன் ஒரே கேள்விதான் கேட்பாள்: “அண்ணா, மொளகா ஓடுச்சுங்களா?” ஒரே ஒரு மெஷின் உள்ள மில்லுக்குத் தலைக்குத் தேய்க்கிற பொடியை அரைக்க வருகிற எந்தப் பொம்பளையும் கேட்க வேண்டிய கேள்வி அது. கிட்டுசாமியின் மில் சுவரில் நீலப் பெயிண்டில் கிழமை எழுதியிருக்கும், திங்களும் செவ்வாயும் மிளகாய், மல்லி, சனிக்கிழமை சீயக்காய், அரப்பு, நடுவில் மற்றதெல்லாம். மிளகாய் ஓடினபின் இரண்டு படி உமியை உள்ளே விட்டு மெஷினைத் துடைத்த பிறகுதான் வேறு எதையும் தொடுவார். “ஓடலை அம்மிணி, பயப்படாதே,” என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வந்தார், இருபத்திரண்டு வருஷமும் அது உண்மையாகவே இருந்தது.

தையில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் படுத்த படுக்கை, தலையில் சீப்பு படவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது முடி முழுக்கத் திரண்டு பதினொரு சடையாக இடுப்புவரை தொங்கியது. மாகாளியம்மன் கோவில் பூசாரி வந்து பார்த்து, ஆத்தா வந்து உட்கார்ந்துவிட்டாள், இனிமேல் இந்தத் தலையில் சீப்போ கத்திரியோ படக்கூடாது என்று சொல்லி மஞ்சள் வைத்தார். பூவாத்தாள் கண்ணாடியை எடுத்து இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, “மூஞ்சிக்கு எடுப்பாத்தான் இருக்குது,” என்றாள். ஊர் அதை அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டது.

பிறகு மாசி வெள்ளிக்கிழமை. காலையில் தலை ஈரமாக இருக்கிறதே என்று துண்டால் துடைத்தாள், துண்டைப் பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். நாலு துண்டு பிழிந்தபின் வாளியை வைத்தாள், வாளி நிறைந்தபின் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து உள்ளே போய்ச் சிவப்புக் குடத்தைக் கொண்டுவந்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தாள், பொழுது சாய்வதற்குள் ஊரில் உள்ள குடமெல்லாம் அங்கே வரிசையில் நின்றது. தண்ணீரென்றால் அப்படியொரு தண்ணீர், பானையில் ஊற்றி வைத்தது போலக் குளிர்ந்து, குடித்தால் நாக்கு இன்னும் கேட்கும். கிட்டுசாமி ஒரு டம்ளர் வாங்கி மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. மழைத்தண்ணீருக்கு வாசனை உண்டு, கிணற்றுக்கு உண்டு, குழாய்க்கு உண்டு. ஐம்பத்துநாலு வருஷத்தில் வாசனையே இல்லாத ஒரு பொருளை அந்த மூக்கு அன்றுதான் சந்தித்தது. “எங்கிருந்து வருதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்று வரிசையில் நின்றவர்களைக் கேட்டார். “வர்றப்ப புடிச்சுக்கோணுங்க, கேட்டுக்கிட்டு நின்னா அடுத்தவன் புடிச்சிருவான்,” என்றார் பேக்கரி குணசேகரன்.

குடிதண்ணீர் ஆபீசிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். அவர் கொண்டுவந்த படிவத்தில் ஆறு, ஏரி, கிணறு, போர் என்று நாலு கட்டம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, போர் என்பதில் டிக் போட்டு, ஆழம் என்ற இடத்தில் பூவாத்தாளின் உயரத்தை, ஐந்தடி ஓர் அங்குலம் என்று எழுதி, ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். ஊராட்சித் தலைவர் ரங்கநாயகி கெட்டிக்காரப் பொம்பளை. அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பிரசிடெண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரே வாரத்தில் ஏற்பாட்டை முடித்தாள். பூவாத்தாளின் தையல் மெஷினை கொல்லைச் சன்னலை ஒட்டி, முகம் முன்சுவரைப் பார்க்கப் போடச் சொல்லி, அவள் முதுகுக்குப் பின்னால் வந்த அந்தச் சன்னலின் கம்பியை அறுத்தெடுத்து, சடைகளை அதன் வழியாக வெளியே தொங்கவிட்டு, கீழே தகரக் கால்வாய் வைத்து, கால்வாயிலிருந்து பைப் இழுத்து, வடக்கு வீதிக்கு ஒரு கறுப்புத் தொட்டி, தெற்கு வீதிக்கு ஒரு கறுப்புத் தொட்டி.

“ஏனுங்க, ஒரு தலைத் தண்ணிக்கு எதுக்குங்க ரண்டு தொட்டி?” என்று பூவாத்தாள் கேட்டாள்.

“அது ஊர் வழக்கம் அம்மிணி,” என்றாள் பிரசிடெண்டு. ஏழு சடை வடக்குக்கும் நாலு சடை தெற்குக்கும் பிரிந்தன.

அன்றிலிருந்து ஜனம் கொல்லைப் பக்கமாகவே வந்தது. சன்னலுக்குக் கற்பூரம் காட்டினார்கள், நேர்ந்துகொண்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், குடத்தை நிறைத்துக்கொண்டு போனார்கள். சன்னலுக்கு அந்தப் பக்கம் ஓவர்லாக் மெஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். தைத்த துணியை வாங்க வருகிற கம்பெனி ஆள்கூடச் சன்னல் வழியாகத்தான் வாங்கிக்கொண்டு போனான். முன்வாசலில் எருக்கு முளைத்து இடுப்புயரம் வளர்ந்தது.

அரிப்பு பங்குனியில் ஆரம்பித்தது. விடாமல் ஈரமாகவே இருக்கிற தலை அரிக்காமல் என்ன செய்யும்? அதிலும் அந்தத் தோல். பூவாத்தாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் வேறு வழி தெரியாமல் கடையில் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் வாங்கித் தேய்த்துவிட்டாள். அப்போதுதான் ஊருக்கு ஒரு சங்கதி தெரிந்தது, அந்தத் தலையில் என்ன பட்டாலும் சடைக்குள் தங்கி மூன்று நாளைக்குத் தண்ணீரோடு இறங்கும் என்று. தெற்கு வீதியில் சீர் நடந்த ஒரு வீட்டில் சாம்பார் அடுப்பில் நுரைத்துப் பொங்கி, இறக்கி வைத்தபிறகும் பொங்கிற்று; விருந்துக்கு வந்த ஒரம்பரைகள் ஏப்பம் விட்டால் வாயில் குமிழி வந்தது. அதற்குப் பிறகு ஊர் உட்கார்ந்து பேசி, பூவாத்தாளின் தலைக்கு ஒரு கமிட்டி போட்டது. பூந்திக்கொட்டை போட்டுப் பார்க்கலாம் என்றார் ஒருவர். போட்டார்கள், பேக்கரியில் மூன்று நாளைக்கு டீ கசந்தது. வெந்தயம் என்றாள் இன்னொருத்தி. குழம்பு வழவழத்தது, குடித்த தண்ணீர் தொண்டையில் நிற்காமல் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வேப்பிலைக்குச் சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் கை தூக்கினார்கள். மருதாணி என்று சொன்ன பூசாரியின் பேச்சைக் கேட்டு வடக்கு வீதி வேட்டியெல்லாம் செங்கல் நிறமானது. இதில் எதாவது உன் தலைக்குச் சுகமாக இருந்ததா என்று மட்டும் கமிட்டியில் ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் சித்திரை பிறந்ததும் முடிவு சொல்லி அனுப்பினார்கள்: இனி தலையில் ஒன்றும் போட வேண்டாம், வர்ற தண்ணியே நல்ல தண்ணிதானே, அதிலேயே அலசிக்கொள்ளட்டும்.

பூவாத்தாள் சரி என்றாள். ஊருக்குத் தண்ணீர் வேண்டுமில்லையா?

ஆடி முடிகிற சமயம், கிட்டுசாமி மில்லில் ஒரு சொம்புத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். வாசனை வந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, நனைந்த சாக்கை மடித்து வைத்தால் வருமே, அதில் நூறில் ஒரு பங்கு. வாசனையே இல்லாத தண்ணீருக்கு வாசனை எப்படி வந்தது என்று தெரியாமல் அவருக்கு மெஷின் ஓட்டக் கை ஓடவில்லை. சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டே போனார். கொல்லையில் கூட்டம் நின்றதால் சுற்றிக்கொண்டு எருக்கை விலக்கி முன்வாசல் வழியாக உள்ளே போனார். பூவாத்தாள் தைத்துக்கொண்டிருந்தாள். சடைக்கும் சடைக்கும் நடுவில் மண்டைத்தோல் செக்கச்செவேலென்று உரிந்து, பின்கழுத்தில் நீர் கோத்துப் புண்ணாகி இருந்தது. சொறிந்துவிடக் கூடாதென்று இரண்டு கை விரலுக்கும் பனியன் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

கிட்டுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து மாதமாக இந்தத் தண்ணீரை மோந்து மோந்து, எங்கிருந்து வருகிறது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அது யார் தலையிலிருந்து வருகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லையே என்று அவருக்கே அவர்மேல் கோபம் வந்தது.

“ஏம்மிணி, சொல்லியிருக்கலாமல்லோ?”

“சன்னலுக்கு அக்கட்டால இருக்கறவங்ககிட்ட எப்படிங்கண்ணா சொல்றது? என்ற மூஞ்சி இக்கட்டால இருக்குது.”

அன்றிலிருந்து அவருக்கு ஒரே யோசனைதான். தலைக்குத் தெரிய வேண்டும், நாக்குக்குத் தெரியக்கூடாது; அப்படி ஒரு சாறு வேண்டும். தன்னுடைய மொட்டைத் தலையையே உரலாக்கிக்கொண்டார். பச்சைப்பயறு தேய்த்துக்கொண்டு மில் வாசலில் உட்கார்ந்தார், கற்றாழை தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆவாரம்பூ, அரப்பு, நுரை வராத புளித்த மோர். முடி முளைக்க வைத்தியம் பண்ணுகிறார் என்று ஊர் சிரித்தது. மொட்டைத் தலை எதையும் தாங்குகிறது என்று தெரிந்ததும் முழங்கையின் உள்மடிப்பில் தடவிப் பார்த்தார், தோல் அங்கேதான் மெல்லிசு. சணல் கயிற்றைப் பதினொரு துண்டாகத் திரித்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சாற்றில் முக்கி, அலசி, அலசின தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். எந்தப் பொடியானாலும் திரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்கிறது என்று கண்டுகொண்டது அப்படித்தான். பொடியே ஆகாது, சாறுதான். அதுவும் தண்ணியாக, பழைய வேட்டித் துணியில் மூன்று தரம் வடிகட்டின சாறு. ஒருநாள் வைத்த அரிசிக் கழுநீர், அதில் கசக்கிய செம்பருத்தி இலை, வேகவைத்து இறக்கின ஒரு பிடி சீயக்காய் ரவை. வெதுவெதுப்பாக வேரில் ஊற்றி, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து, முறுக்காமல் அமுக்கி எடுக்க வேண்டும். கயிறு அலசின தண்ணீரை ஆவணி முதல் வாரத்தில் குடித்துப் பார்த்தவர், சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். வெறும் தண்ணீர்.

சனிக்கிழமை காலை சீயக்காய் அரைக்க எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்துப் பிரசிடெண்டு வீட்டிலிருந்து கண்ணாலத்துக்கு மிளகாய் பன்னிரண்டு கிலோ வந்து இறங்கியது. சனிக்கிழமை மிளகாய் ஓடாது என்று அவர் சுவரைக் காட்டினார். பொண்ணு வீட்டுச் சீர், இன்றைக்கே வேண்டுமென்று பிரசிடெண்டே போனில் பேசினாள். ஊரில் இருந்துகொண்டு அந்த வீட்டுக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது? அரைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு கிலோ நெடியில் அந்த மூக்கு அடைத்துப்போய், பத்துத் தும்மல் தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரமாகச் சீயக்காயை எடுத்து மெஷினில் கொட்டினார். உமி ஓட்ட மறந்துவிட்டார். மொளகா ஓடுச்சுங்களா என்று கேட்கிறவள் நாற்காலியை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாறு மூன்று தரம் வடிந்தது. தூளையெல்லாம் நிறுத்துகிற துணி எரிச்சலை நிறுத்துமா? பூவாத்தாள் தலையைக் குனிந்து கொடுத்தாள், அவர் விரல் நுனியால் நோகாமல் தேய்த்தார், அவள் பல்லைக் கடித்தாள்.

“எரியுதா அம்மிணி?”

“எரியுதுங்கண்ணா. புண்ணுல பட்டா எரியத்தானே செய்யும்? நீங்க தேயுங்க.”

ஒரு மணி நேரம் ஆகவில்லை. வடக்கு வீதியில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் கோவணத்தோடு தெருவில் ஓடி வந்தார். தெற்கு வீதியில் முகம் கழுவிய பிள்ளைகள் ஒன்று சேர்ந்து அலறின. கண்ணாலத்துக்கு வந்த ஒரம்பரைகள் தலைக்கு வார்த்துக்கொண்ட கையோடு கூரைக்கும் தரைக்கும் குதித்தார்கள். எரிச்சலைக் கழுவ மேலும் மொண்டு ஊற்றினார்கள், ஊற்ற ஊற்ற எரிந்தது, ஏனென்றால் ஊரில் இருந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். இருக்கிற தயிரையெல்லாம் எடுத்துத் தலையில் அப்பிக்கொண்டு, வெள்ளைத் தலையும் சிவந்த கண்ணுமாக ஊரே திரண்டு பூவாத்தாளின் கொல்லைக்கு வந்து சன்னலைப் பார்த்துக் கத்தியது. பதினொரு சடையும் சொட்டிக்கொண்டு தொங்கின. சடை என்ன பதில் சொல்லும்?

“மூஞ்சியப் பாத்துக் கேக்கோணும், வாங்க,” என்று பிரசிடெண்டு முன்பக்கம் நடந்தாள். நடந்தவள் எருக்கங்காட்டைக் கண்டு திகைத்து நின்றாள். இந்த வீட்டுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்பதே பாதிப்பேருக்கு மறந்துபோயிருந்தது. எருக்குக்கு நடுவே ஓர் ஆள் நடந்த தடம் மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

பூவாத்தாள் திரும்பினாள். இது யார் என்று குணசேகரன் ஒரு நொடி யோசித்தேவிட்டார். கன்னம் ஒட்டி, இமை தடித்து, விரலில் துணி சுற்றி. நெற்றியிலிருந்து உச்சிவரை தோலே இல்லை.

கிட்டுசாமி முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டார். “மொளகா ஓடுன மெஷினுங்க. உமி உடாம அரைச்சுப்போட்டேன். என்ற தப்புங்க. அம்மிணிமேல ஒண்ணும் இல்லை.”

அவரைத் திட்ட வாயெடுத்தவர்கள் ஏனோ திட்டவில்லை. எல்லோர் கையும் அவரவர் தலையில் இருந்தது, எல்லோர் கண்ணும் அவள் தலையில் இருந்தது.

“ஒரு மணி நேரமா நீங்க இந்தக் குதி குதிக்கறீங்க,” என்றாள் பூவாத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. “எனக்கு ஆறு மாசமுங்க.”

தலைகளிலிருந்து தயிர் சொட்டியது. பிரசிடெண்டுதான் பேசினாள், குரல் இறங்கியிருந்தது. “வெட்டிப்போடலாமா அம்மிணி?” பூசாரி வாயைப் பொத்திக்கொண்டார்.

“எனக்குச் சடை புடிச்சிருக்குதுங்க. அரிப்புத்தான் புடிக்கலை.”

“பின்னே என்ன வேணும், சொல்லு.”

“அண்ணன் காச்சற சாறு, மொளகா இல்லாம. பொறவு ஒரு நாளைக்கு என்ற தலை காயோணும். வேரோட காயோணும்.”

“காஞ்சு, தண்ணி நின்னுபோச்சுன்னா?”

“தெரியலைங்க.”

எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான் அது, எல்லோருக்கும் பயமாக இருந்த கேள்வியும் அதுதான். தண்ணீர் நின்றால் மறுபடி அந்த லாரி, அந்த வரிசை, அந்த அடிதடி. கைக்குழந்தை வைத்திருந்தவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். பிரசிடெண்டு தன் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள், எரிந்தது, கையை எடுத்தாள். பிறகு திரும்பி, “களத்தைக் கூட்டுங்க,” என்றாள்.

இந்தத் தரம் கிட்டுசாமி மெஷினை நம்பவில்லை. சீயக்காயைக் கையாலேயே ஒடித்து, கொட்டை நீக்கி, அம்மியில் நசுக்கினார். நசுக்கியதை ஒவ்வொரு வீட்டுப் பொம்பளையும் வாங்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். கண்ணால வீட்டில் முந்தின நாள் அரிசி களைந்து வைத்திருந்த கழுநீரும், பள்ளிக்கூடத்துச் செம்பருத்தி இலையும் வந்தன. பூவாத்தாளுக்கு அது பட்டதும் தோள் இரண்டும் கீழே இறங்கின. அத்தனை நாளும் அவள் தோளைத் தூக்கியே வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு, அவளைப் படுக்க வைத்து, கட்டிலைச் சுற்றி வெள்ளை வேட்டிகளை விரித்து, பதினொரு சடையையும் ஒன்றோடொன்று படாமல் பரப்பினார்கள். முகத்துக்குக் குடை பிடித்தார்கள். தகரக் கால்வாய் இல்லாததால் ஏழும் நாலும் என்று பிரிக்க ஆளில்லை.

ஆவணி வெயில் தன் வேலையைச் செய்தது. சொட்டு குறைந்தது, ஒவ்வொரு சடையாக நின்றது. இரண்டரை மணிக்கு இடது காதுக்குப் பின்னால் இருந்த சடையின் நுனியில் ஒரு சொட்டு வந்து, தொங்கி, வேட்டியில் விழுந்தது. ஊர் அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தது. வரவில்லை. ஒரு கிழவர் மெதுவாக அழுதார். பூவாத்தாள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் எழுந்துவிடப் போகிறாளென்று பக்கத்தில் இருந்தவர் கிழவரின் வாயைப் பொத்தினார்.

தொட்டி இரண்டும் மிளகாய்த் தண்ணீர், பானையெல்லாம் காலி. யாருக்கும் தொண்டை நனைக்க வழியில்லை, ஆனாலும் களத்தை விட்டு யாரும் எழுந்து போகவில்லை. கிட்டுசாமி மட்டும் தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய்த் தூரத்தில் ஸ்டார்ட் செய்து, பதினொரு கிலோமீட்டர் தள்ளிப் பக்கத்து ஊருக்குப் போனார். அங்கேயும் பஞ்சம்தான். நாலு வீடு ஏறி இறங்கி, ஒரு தூக்குப்போசி தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். ஊரே நெருக்கி உட்கார்ந்திருந்தது, உள்ளே போக வழியில்லை.

அந்த நேரம் பூவாத்தாள் கண் விழித்தாள். “சித்தெ தண்ணி குடுங்க,” என்றாள்.

எத்தனையோ குடம் அவளிடமிருந்து வாங்கினவர்கள், அவள் தண்ணீர் கேட்பதை இன்றுதான் காதால் கேட்கிறார்கள். கிட்டுசாமி தூக்குப்போசியை முன்னால் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். மூடி சரியில்லாத போசி, உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் களம் முழுக்கக் கேட்டது. வடக்கு வீதிக் கையிலிருந்து தெற்கு வீதிக் கைக்கும், தெற்கிலிருந்து வடக்குக்கும் அது மாறி மாறிப் போயிற்று. காலையிலிருந்து ஒரு மிடறு குடிக்காத குணசேகரன் அதை வாங்கி, மூடியை அமுக்கிப் பிடித்து அடுத்த கைக்கு நீட்டினார். கைக்குழந்தைக்காரி ஒரு நொடி மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு தள்ளிக் கொடுத்தாள். தண்ணீருக்கு வாசனை உண்டென்று அந்த ஊரில் எல்லோருக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்கும் என்று கிட்டுசாமி பிற்பாடு சொல்வார். கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது போசியில் ஒரு சொட்டும் குறையவில்லை.

பூவாத்தாள் அண்ணாந்து பாதி குடித்தாள். மீதியைக் குழந்தைக்காரியிடம் நீட்டினாள். பிறகு சடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டுப் பார்த்தாள், வேர்வரை காய்ந்து, எடையே இல்லாமல், செம்பருத்தி வாசனையோடு இருந்தன. பதினொன்றையும் சேர்த்துத் தூக்கி உச்சியில் கொண்டையாக முடிந்தாள். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கீழே போட்டாள்.

“நாளைக்குத் தண்ணி வருமா அம்மிணி?” என்று பிரசிடெண்டு கேட்டாள்.

“தெரியலைங்க. வந்தா குடத்தோட வாங்க. சன்னல் பக்கம் வேண்டாம், வாசப் பக்கமா வாங்க.”

பிரசிடெண்டு தலையாட்டினாள். போகத் திரும்பியவள் நின்று, “வராட்டி?” என்றாள்.

“வராட்டியும் வாங்க,” என்றாள் பூவாத்தாள்.